சாமை மில்லில் ஒரு ஆராய்ச்சிக் கேள்வி

அன்புள்ள பூங்கொடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ முடித்ததும் இன்ஜினியரிங் சேர்ந்து, கம்ப்யூட்டரும் கன்ட்ரோல் சிஸ்டமும் படித்து, அப்புறம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் போக ஆசை என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். கூடவே, “கொல்லிமலையில், எடப்புளி நாட்டில் இருந்துகொண்டு இதற்கு என்ன தயார் செய்ய முடியும் சித்தப்பா, இங்கே ஒன்றுமே இல்லையே” என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

அடுத்த முறை அம்மா சாமை மூட்டையை மில்லுக்கு எடுத்துப் போகும்போது நீயும் கூடப் போ. போனை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அந்த இயந்திரத்தை மட்டும் பார்.

ஆயிரம் சாமை மணியை எடை போட்டால் இரண்டு, இரண்டரை கிராம்தான் தேறும். நெல்லில் ஆயிரம் மணி பெரும்பாலும் இருபது கிராம் போல இருக்கும். இவ்வளவு பொடி மணியை வழவழப்பான கெட்டி உமி இறுக்கிப் பிடித்திருக்கிறது. நெல் மில்லின் ரப்பர் உருளைகளுக்கு அது சரியாக அகப்படாது. அதனால்தான் சிறுதானியத்துக்குப் பெரும்பாலும் வீசியடிக்கும் இயந்திரம் வைக்கிறார்கள். உள்ளே சுழலும் தட்டு மணியைச் சுற்றுச்சுவரில் வீசும். மோதியதில் உமி பிளக்கும். காற்றாடி உமியை வெளியே ஊதித் தள்ளும்.

மெதுவாக வீசினால் மணி உமியோடு வந்துவிடும். வேகமாக வீசினால் உடைந்து குருணையாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது, ஆனால் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. வெயிலில் நன்றாகக் காய்ந்த சாமைக்கு ஒன்று. பனிமூட்டத்தில் நாலு நாள் கிடந்து ஈரம் இழுத்த சாமைக்கு வேறொன்று. ரகம் மாறினால் அதுவும் மாறும். இதற்கு மேல் மின்சாரம். வோல்டேஜ் 230-லிருந்து 184-க்கு இறங்கினால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், மோட்டார் தரக்கூடிய முறுக்குவிசை 64 சதவீதத்துக்கு வந்துவிடும். முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. தட்டின் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மணி மோதும் ஆற்றல் 81 சதவீதம்தான். உன் இயற்பியல் புத்தகத்தில் இருக்கிற இயக்க ஆற்றல் சூத்திரத்தில் போட்டுப் பார், வரும்.

இப்போது மில் ஓட்டுகிற அக்காவின் கையைக் கவனி. வெளியே விழுவதில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, வாயால் ஊதிப் பார்ப்பார். உமி மணி கூடுதலாகத் தெரிந்தால் மேலே தொட்டியின் அடைப்பைக் கொஞ்சம் சாத்துவார். வரத்து குறையும், மோட்டாருக்குச் சுமை குறையும், வேகம் ஏறும். மறுபடி ஒரு பிடி அள்ளுவார். விளைவை அளப்பது, வேண்டியதோடு ஒப்பிடுவது, வித்தியாசத்துக்கு ஏற்றபடி உள்ளே போவதை மாற்றுவது: கன்ட்ரோல் சிஸ்டம் பாடத்தில் பின்னூட்டம் என்று முதல் அத்தியாயத்திலேயே வருவது இதுதான்.

இந்தத் துறையின் தொடக்கமும் தானியம் அரைக்கும் ஆலையில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் காற்றாலை வைத்து மாவரைத்தவர்களுக்குக் காற்று ஏறினால் கல் வேகமாகச் சுழன்று மாவு கெட்டுப்போகும். சுழலும் குண்டுகளைக் கொண்டு கற்களின் இடைவெளியைத் தானாகத் திருத்தும் அமைப்புகளை அவர்கள் வைத்திருந்தார்கள். 1787-இல் தாமஸ் மீட் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடமே ஜேம்ஸ் வாட் அதே குண்டுகளை நீராவி இயந்திரத்தில் பொருத்தினார். எண்பது வருடம் கழித்து, 1868-இல், இந்தக் குண்டுகள் சில நேரம் வேகத்தை அடக்காமல் ஏன் அலைய விடுகின்றன என்று மாக்ஸ்வெல் கணக்குப் போட்டு எழுதினார். மின்காந்த அலைக்கு நீ படிக்கிற அதே மாக்ஸ்வெல்தான்.

அலைவது ஏன் என்பதையும் மில்லிலேயே பார்க்கலாம். அக்காவுக்குப் பதில் ஒரு சின்ன கேமரா, கையடக்கமான கம்ப்யூட்டர் போர்டு, மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் ஆகியவற்றை வைப்பதாக நினைத்துக்கொள். கேமரா உமி மணியையும் குருணையையும் எண்ணிச் சொல்லும், போர்டு வேகத்தைத் திருத்தும். சுலபமாகத்தான் தோன்றும். ஆனால் கேமராவின் கண்ணில் படும் மணி, சில விநாடிகளுக்கு முன்பு இருந்த வேகத்தில் உடைந்தது. அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல் போர்டு அவசரப்பட்டால், உமி அதிகம் என்று வேகத்தைக் கூட்டும்; பலன் தெரிய நேரமாவதால் இன்னும் கூட்டும்; அதற்குள் குருணை கொட்ட ஆரம்பித்துவிடும்; பயந்து ஒரேயடியாகக் குறைக்கும். மில் நிலைகொள்ளாமல் அலையும். எவ்வளவு திருத்துவது, எப்போது திருத்துவது, எப்போது பேசாமல் இருப்பது என்பதைக் கணிதமாக எழுதுவதுதான் இந்தத் துறையின் பெரும்பகுதி வேலை. அக்கா இதைப் பழக்கத்தில் செய்கிறார். அவர் திருத்திவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்து அடுத்த பிடியை அள்ளுகிறார் என்று பார்த்து வை.

இது வெறும் இயந்திர விஷயமும் இல்லை. கொல்லிமலையில் சாமைக்காடுகள் ஏன் மரவள்ளிக்குப் போயின என்று தாத்தாவிடம் கேள். மரவள்ளியை சேகோ ஆலைக்கு லாரி ஏற்றினால் கையில் காசு. சாமையோ வீட்டுக்கு வந்த பிறகும் வேலை வைக்கும்: உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, அத்தனையும் பெண்கள் தலையில். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானிய வேலை செய்தபோது விதையோடு நிற்காமல், ஊர்களில் மகளிர் குழுக்கள் நடத்தும் சிறு மில்களையும் வைத்ததற்குக் காரணம் அதுதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து இங்கே ஆய்வு செய்திருக்கிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சிறுதானிய உமி நீக்கும் இயந்திரங்களையே வடிவமைத்திருக்கிறார்கள். யார் எதுவரை போயிருக்கிறார்கள், எங்கே நின்றுவிட்டார்கள் என்று படித்துத் தெரிந்துகொள்வதற்கே ஆராய்ச்சி மாணவருக்கு முதல் ஆறு மாதம் சரியாக இருக்கும்.

ஒரு விஷயத்தில் உன்னை எச்சரிக்க வேண்டும். கருவி ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில் நிறைய ஆய்வேடுகளைப் புரட்டியிருக்கிறேன். பலவற்றில் எந்தக் கருவியும் கிடையாது. புத்தகத்தில் உள்ள ஒரு சமன்பாட்டை எடுத்து, மேட்லாப் மென்பொருளின் திரையில் ஓட்டி, முன்னவரைவிட மூன்றாம் தசம இடத்தில் மேம்பாடு என்று முடித்திருப்பார்கள். திரையில் பெல்ட் வழுக்காது, சென்சாரில் உமித்தூசி படியாது. சிமுலேஷன் கூடாது என்று சொல்லவில்லை, அதுவும் வேண்டும். ஆனால் உண்மையான மோட்டாரை ஒரு முறையாவது தொடாமல் எழுதிய ஆய்வேட்டை நான் நம்புவதில்லை.

கணிப்பொறிப் பக்கம் ஆர்.நரசிம்மனைப் பற்றித் தெரிந்துகொள். சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்தவர். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் தலைமையில் ஓர் இளைஞர் குழு, கம்ப்யூட்டரில் முன்பழக்கமே இல்லாமல், டிஃப்ராக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டி 1960-இல் இயக்கிக் காட்டியது. அதன் நினைவகம் 40 பிட் கொண்ட 2048 சொற்கள். இன்று உன் போனில் வரும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. வால்வுகளால் ஆன அந்த இயந்திரம் சீக்கிரமே பழசாகிவிட்டது. உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. அதைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. கம்ப்யூட்டரை உள்ளும் புறமும் அறிந்த ஒரு தலைமுறை அதில் உருவானது.

இனி நடைமுறை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருப்பதால் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உனக்கு உண்டு. 2021-இல் வந்தது. அதில் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 1966-இல் தொடங்கிய சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி நமக்குப் பக்கம். இன்ஸ்ட்ருமென்டேஷன் என்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.; சி.ராஜம் 1949-இல் தொடங்கியபோதே கருவியியலை ஒரு படிப்பாக வைத்த இடம். பிஎச்.டி.க்குப் போகும் பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, வருடத்துக்கு 750 பேருக்கு. சாதிச் சான்றிதழை இப்போதே சரியாக வாங்கி வை. கடைசி நேரத்தில் அதற்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாடத்தில் வகைக்கெழுச் சமன்பாடு என்று வரும் பகுதியை மதிப்பெண்ணுக்காகத் தாண்டிப் போகாதே. வேகம் எப்படி ஏறி எப்படி அடங்குகிறது என்பதை அதை வைத்துத்தான் எழுத வேண்டும்.

இப்போதைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மில்லுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், பனியா வெயிலா, என்ன ரகம், மில்லில் வோல்ட் மீட்டர் இருந்தால் அதன் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள். வெளியே வருவதில் ஒரு பிடி எடுத்து நூறு மணியை எண்ணி, உமியோடு எத்தனை, உடைந்தது எத்தனை, முழு அரிசி எத்தனை என்று பிரித்து எழுது. அள்ளும்போது பொறுக்காதே, கையில் வந்தது வந்தபடி எண்ணு. நீ எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தால் அதையும் அடிக்காமல் எழுது. அறுவடை முடிந்து தை, மாசியில் எடுத்த கணக்கையும் மழைக்காலக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வரைபடம் போட்டு எனக்கு அனுப்பு. மில் அக்காவிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொள். வரைபடத்தில் அவர் பெயரையும் எழுது.

அன்புடன்,
சித்தப்பா