கணுக்கால் தேறிய பின் நீச்சல்

கணுக்காலில் மூன்று எலும்புகள் சேர்கின்றன. உறுதியான நார்கள் அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. கால் பிசகினால் நார் கிழியலாம். எலும்பும் முறியலாம். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

மீன் பிடிப்பவருக்கும் படகு ஓட்டுபவருக்கும் நீச்சல் உயிர்க்காப்பு. கால் சற்றுத் தேறியதும் தண்ணீரில் இறங்க மனம் துடிக்கும். ஆனால் அவசரப்படக் கூடாது.

தையல் பிரித்து, காயம் முழுவதும் மூடியிருக்க வேண்டும். மருத்துவரும் சம்மதிக்க வேண்டும். ஆறாத புண்ணில் குளத்துத் தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். உட்கார்ந்தபடி, கால் கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ என்று எழுதலாம். கணுக்கால் எல்லாப் பக்கமும் அசையும். எழுத்தும் மறக்காது!

தண்ணீர் உடம்பைத் தாங்கும். இடுப்பளவு தண்ணீரில் ஏறக்குறைய பாதி எடைதான் காலில் இறங்கும். ஆகவே முதலில் தண்ணீரில் நடந்து பழக வேண்டும். பிறகு காலை மெதுவாக மேலும் கீழும் அடித்து நீந்தலாம். தவளை போல உதைத்தால் கணுக்கால் திருகும். அதைக் கடைசியில் பழகலாம். கரையிலிருந்து குதிக்கக் கூடாது. பாசி படிந்த படியில் துணையுடன் இறங்க வேண்டும்.

மறுநாளும் வலியோ வீக்கமோ இருந்தால் நீந்தும் நேரத்தைக் குறைக்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேசுவோம்:
1. தண்ணீரில் இறங்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?
2. நம் ஊர்க் குளத்தின் படிகள் எப்படி இருக்கின்றன?