ஒன்பது கோல் இடைவெளி

பந்தைக் கையால் பிடித்து, ஒருவருக்கொருவர் கடத்தி, எறிந்து கோல் அடிக்கும் விளையாட்டு ஹேண்ட்பால் ஆகும். தமிழில் ‘கைப்பந்து’ என்னும் சொல் வாலிபாலுக்கு வழங்கிவிட்டமையால், இப்பாடத்தில் ஹேண்ட்பால் என்னும் பெயரே ஆளப்படுகிறது.

இதன் ஆடுகளம் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையது. கோல்காப்பாளர் உட்பட ஓர் அணிக்கு எழுவர் களத்தில் நிற்பர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றடிக்கு மேல் நடத்தல் கூடாது. மூன்று நொடிக்கு மேல் வெறுமனே வைத்திருத்தலும் கூடாது. கோலுக்கு முன்னே 6 மீட்டர் தொலைவில் ஒரு கோடு வரையப்பட்டிருக்கும். அதனுள் கோல்காப்பாளர் மட்டுமே நிற்கலாம். ஆதலால், தாக்கும் வீரர் கோட்டுக்கு வெளியிலிருந்து துள்ளி எழுந்து, கால் தரையைத் தொடுமுன் பந்தை எறிவார். ஆட்டம் முப்பது நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறும்.

ஐரோப்பாவில் நாடுகளின் அணிகள் மோதும் போட்டிகளைப் போலவே, ஊர்களின் கழக அணிகள் மோதும் போட்டிகளும் புகழ் பெற்றவை. 1956-57இல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பைப் போட்டி, 1993 முதல் சாம்பியன்ஸ் லீக் என்னும் பெயரில் நடைபெற்று வருகிறது. பல மாதங்கள் நடக்கும் ஆட்டங்களின் முடிவில் நான்கு அணிகள் எஞ்சும். ஆடவர் பிரிவில் அந்நான்கும் 2010 முதல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரே வார இறுதியில் மோதி வருகின்றன. சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி என்பது வழக்கம்.

2016ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் இறுதிப்போட்டிக்கு வந்த இரு அணிகளும் பெருநகரங்களைச் சேர்ந்தவை அல்ல. ஒன்று போலந்தின் கியெல்ட்சே. ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் வாழும் ஊர். மற்றொன்று ஹங்கேரியின் வெஸ்ப்ரேம். ஏறத்தாழ 60 ஆயிரம் மக்கள் வாழும் சிற்றூர். வெஸ்ப்ரேம் அணி அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில் பார்சிலோனா அணியிடம் தோற்றிருந்தது. போலந்து அணி எதுவும் அதுவரை இக்கோப்பையை வென்றதில்லை.

ஆட்டம் முடிய ஏறத்தாழப் பதினைந்து நிமிடங்கள் இருந்தபோது வெஸ்ப்ரேம் 28, கியெல்ட்சே 19 என்பது நிலை. ஒன்பது கோல் இடைவெளி! கோப்பை வெஸ்ப்ரேமுக்கே என்று காண்போர் எண்ணினர். ஆயினும் கியெல்ட்சே வீரர்கள் கோல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தனர். அறுபதாவது நிமிடம் முடிந்தபோது இரு அணிகளும் 29-29 என்று சமநிலையில் நின்றன.

இந்த எண்களைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். அதே வேகத்தில் ஆடியிருந்தால், கடைசிப் பதினைந்து நிமிடங்களில் கியெல்ட்சே ஆறு கோல்களும் வெஸ்ப்ரேம் ஒன்பது கோல்களும் அடித்திருக்கும். கியெல்ட்சே அடித்தவையோ பத்து; எதிர்பார்த்ததைவிட நான்கே மிகுதி. வெஸ்ப்ரேம் அடித்ததோ ஒன்றே ஒன்று. எதிர்பார்த்ததைவிட எட்டுக் குறைவு. ஆகவே, ஆட்டத்தை மீட்டதில் எறிந்த கைகளைவிடத் தடுத்த கைகளுக்கே பெரும்பங்கு உண்டு. கோல் அடித்தவரின் பெயர் பலகையில் ஒளிரும்; தடுத்தவரின் பெயர் ஒளிர்வதில்லை.

கூடுதல் நேரத்திலும் ஆட்டம் 35-35 என்று சமநிலையிலேயே முடிந்தது. பின்னர், 7 மீட்டர் தொலைவிலிருந்து ஒருவர் ஒருவராகப் பந்தெறியும் முறையால் வெற்றி முடிவாயிற்று. ஸ்பெயின் நாட்டவரான ஹுலென் அகினகால்டே இறுதி எறிதலைக் கோலாக்கினார். கியெல்ட்சே 39-38 என்ற கணக்கில் கோப்பையை வென்றது.

போலந்து ஊர் ஒன்றுக்கு வெற்றி தேடித்தந்தவர் ஸ்பெயின் நாட்டவராக இருப்பது எவ்வாறு? கழக அணியின் இயல்பு அதுவே. அவ்வணியில் போலந்து வீரர்களுடன் ஸ்பெயின், குரோஷியா, ஸ்லோவேனியா, ஜெர்மனி நாட்டு வீரர்களும் இருந்தனர். பயிற்றுநர் தலாண்ட் துய்ஷெபாயெவ், இன்றைய கிர்கிஸ்தானில் பிறந்தவர். 1992 ஒலிம்பிக்கில் முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணிக்காக ஆடித் தங்கம் வென்றார். 1996இல் ஸ்பெயினுக்காக ஆடி வெண்கலம் வென்றார். பின்பு போலந்துக்கு வந்து கியெல்ட்சே அணிக்குப் பயிற்சி அளித்தார். போலந்து வீரர் கரோல் பியலெட்ஸ்கியோ 2010இல் நடந்த ஓர் ஆட்டத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து மீண்டும் களம் கண்டவர்.

இவர்களின் தாய்மொழிகள் வெவ்வேறு. வீட்டில் தம் மொழியைப் பேசியவர்கள், களத்தில் ஓர் ஊரின் சட்டையை அணிந்து ஆடினர். ஒன்றை ஏற்றதால் மற்றொன்றை இழக்க நேரவில்லை. கியெல்ட்சே மக்களும் அவர்களைத் தம் ஊரார் என்றே கொண்டாடினர்.

அருஞ்சொற்பொருள்

கழகம் – சங்கம், கிளப்
எஞ்சும் – மீந்திருக்கும்
ஆளப்படுகிறது – பயன்படுத்தப்படுகிறது
உற்றுநோக்குதல் – கூர்ந்து பார்த்தல்
பயிற்றுநர் – பயிற்சி அளிப்பவர்

பயிற்சிகள்

அ. விடை எழுதுக.
1. தாக்கும் வீரர் துள்ளி எழுந்து பந்தை எறிவது ஏன்?
2. கியெல்ட்சே ஆட்டத்தை மீட்டதில் தடுப்பாட்டத்தின் பங்கு பெரிது என்பதை எண்களைக் கொண்டு விளக்குக.
3. துய்ஷெபாயெவ் எந்தெந்த அணிகளுக்காக ஒலிம்பிக்கில் ஆடினார்?

ஆ. எண்களை எழுத்தால் எழுதுக.
19, 28, 39, 1996, 2016

இ. பிரித்து எழுதுக.
முப்பது, பந்தெறியும், சிற்றூர்

ஈ. கலந்துரையாடுக.
உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து இவ்வூருக்கு வந்தது? வீட்டில் பேசும் மொழி எது? வெளியில் பேசும் மொழிகள் எவை? பெற்றோரிடம் கேட்டறிந்து, ‘எங்கள் இரண்டு ஊர்கள்’ என்னும் தலைப்பில் பத்து வரிகள் எழுதுக.