குடும்ப வன்முறையும் துணைநிற்போரின் பணியும்

குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் செல்லும்போது உடன்சென்று, அவர் சொல்வதை அங்குள்ளோர் முழுமையாகக் கேட்கும்படி செய்வதே துணைநிற்கும் தன்னார்வலரின் பணியாகும். வழக்கறிஞருக்குரிய வாதாடும் உரிமையோ காவலருக்குரிய அதிகாரமோ அவருக்கு இல்லை. எந்த முடிவையும் பெண்ணுக்காகத் தானே எடுக்காமல் இருப்பதுதான் இப்பணியின் முதல் நெறி. எங்கே போவது, யாரோடு பேசுவது, பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதையெல்லாம் இன்னொருவர் தீர்மானித்த வீட்டிலிருந்து வருகிறவரிடம், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், “உடனே வெளியே வந்துவிடுங்கள்” என்று ஆணையிடுவது அதே அடக்குமுறையை வேறொரு குரலில் தொடர்வதாகவே முடிகிறது.

புதிதாக இப்பணிக்கு வருவோர் பெரும்பாலும் “இவ்வளவு நாள் ஏன் பொறுத்துக்கொண்டீர்கள்?” என்றே பேச்சைத் தொடங்குகின்றனர். குழந்தைகளின் பள்ளி, கணவரின் பெயரில் உள்ள வாடகை ஒப்பந்தம், அடகில் இருக்கும் நகை, திரும்பிப் போனால் பிறந்த வீட்டில் திருமணமாகாத தங்கைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை ஆகியவை ஒன்றோடொன்று பின்னியிருப்பதை அக்கேள்வி காண மறுக்கிறது. அதற்கு மாறாக, “இன்றிரவு வீட்டில் இருப்பது உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பா?” என்று கேட்பது, பேச்சை உடனடித் தேவைக்குக் கொண்டுவருகிறது.

அபாயத்தை மதிப்பிடுவதில் தயக்கம் கூடாது. அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1980களில் உருவாக்கிய அபாய மதிப்பீட்டுக் கருவி, கொலைவரை செல்லக்கூடிய வன்முறையின் முன்னறிகுறிகளைக் கேள்விகளாகத் தொகுத்தது. கழுத்தை நெரித்தல், கொன்றுவிடுவதாக மிரட்டுதல், இடைவிடாத சந்தேகம் ஆகியவை அவற்றுள் அடங்கும். கழுத்தை நெரித்ததாகப் பெண் சொன்னால், வெளியே தழும்பு தெரியாவிட்டாலும் உள்ளே காயம் இருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவரிடம் காட்டும்படி வலியுறுத்த வேண்டும். பிரிந்து செல்லும் காலமே மிக ஆபத்தான காலம் என்பதும் நினைவிருக்க வேண்டியது. ஆகவே வெளியேறும் நாள், வழி, தங்குமிடம், யாருக்குத் தெரிவிப்பது ஆகியவற்றை அவரோடு சேர்ந்து முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, ஆதார், குடும்ப அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், நகை ரசீது ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் செய்வது நல்லது. தன்னார்வலர் தாமாக அப்பெண்ணின் கைப்பேசிக்கு அழைப்பது, அதை வேறொருவர் எடுக்கக்கூடும் என்பதால், அவர் குறித்துக் கொடுத்த நேரத்தில் மட்டுமே நிகழ வேண்டும்.

மருத்துவமனையில் கவனிக்கப்படாமல் போகும் ஒன்று, விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் சொற்கள். ஏ.ஆர். காப்பி என்று வழங்கப்படும் அப்பதிவில், காயம் எப்படி ஏற்பட்டது என்று நோயாளி சொல்வதே எழுதப்படுகிறது. உடன்வந்த மாமியாரின் முன்னிலையில் “குளியலறையில் வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லிவிட்டால், பின்னாளில் அதே வரி வழக்கில் அவருக்கு எதிராக நிற்கும். ஆகவே மருத்துவரிடம் தனியாகப் பேச வாய்ப்புக் கேட்டுப் பெறுவது, துணைநிற்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செயல்களுள் ஒன்று.

இந்தியாவில் இப்பணிக்கு அடித்தளமாக அமைவது, 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். அடிப்பதை மட்டுமன்றி, இழிவாகப் பேசுவதையும், பாலியல் கொடுமையையும், சீதன நகையை விற்பது, வீட்டுச் செலவுக்குப் பணம் மறுப்பது போன்ற பொருளாதாரக் கொடுமையையும் இச்சட்டம் வன்முறையாக வரையறுக்கிறது. பாதுகாப்பு அலுவலர், அதாவது இச்சட்டத்தின்படி பாதிக்கப்பட்டோருக்கு உதவ மாநில அரசு நியமிக்கும் அலுவலர், குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயாரித்து நீதித்துறை நடுவருக்கு அனுப்புகிறார். அவ்வறிக்கையில் நிகழ்வுகளைத் தேதிவாரியாக, இயன்றவரை பெண்ணின் சொற்களிலேயே எழுதச் செய்வது பின்வரும் விசாரணையை எளிதாக்கும். முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாட்களுக்குள் நடக்க வேண்டும் என்றும், 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க நடுவர் முயல வேண்டும் என்றும் சட்டம் கூறினாலும், நடைமுறையில் வாய்தாக்கள் நீள்வதால், இடைக்கால ஆணை கேட்டுப் பெறும் வழியைத் தொடக்கத்திலேயே விளக்கிவிட வேண்டும். வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண் என்ற ஒரே தகுதியால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரைப் பெறலாம் என்பதும் பலர் அறியாத உரிமை.

காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குச் சான்றான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. இருதரப்பையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி அனுப்பும் வழக்கம் இன்றும் வலுவாக உள்ளது. சேர்ந்து வாழப் பெண்ணே விரும்பினால் அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் நடுவரின் உத்தரவின்பேரில் நடக்கும் ஆலோசனையில், வன்முறையில் இனி ஈடுபடுவதில்லை என்று எதிர்மனுதாரர் உறுதியளிக்க வேண்டும் என்றும், செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க அவரை அனுமதிக்கக் கூடாது என்றும் இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2006ஆம் ஆண்டின் விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. “அவளும் கொஞ்சம் பொறுத்துப் போகலாமே” என்று முடியும் பேச்சுவார்த்தை இந்த அளவுகோலுக்கு அருகில்கூட வருவதில்லை. அங்கே இவ்விதியை நினைவூட்டுவது துணைநிற்பவரின் கடமை.

வன்முறையைத் தொடரக் கூடாதென எதிர்மனுதாரரைத் தடுக்கும் பாதுகாப்பு ஆணை நடுவரிடமிருந்து கிடைத்தபின் பணி முடிந்ததாகக் கருதித் தன்னார்வலர்கள் விலகிவிடுவது வழக்கமாக இருந்தாலும், ஆணை மீறப்படும் வாய்ப்பு அதன் பிறகே எழுகிறது. பாதுகாப்பு ஆணையை மீறுவது ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க, பிணையில் விட முடியாத குற்றம். ஆணையின் நகலை இருதரப்புக்கும் காவல் நிலையத்துக்கும் இலவசமாக அளிக்க நீதிமன்றம் கடமைப்பட்டுள்ளது. அது நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை நேரில் சென்று உறுதிசெய்வதும், இரவில் எவரேனும் கதவைத் தட்டினால் எந்த எண்ணை அழைப்பது என்பதை, 24 மணி நேரமும் இயங்கும் 181 மகளிர் உதவி எண்ணையும் சேர்த்து, அப்பெண்ணோடு உட்கார்ந்து எழுதிக்கொள்வதும் அதே வாரத்தில் முடிக்க வேண்டிய வேலைகள்.