ஓசூர் எல்லைப் பகுதி மாணவரும் ஆங்கில வினையமைப்பும்: தமிழ் இலக்கண நோக்கு

முன்னுரை

2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிக்கப்பெற்ற கிருட்டிணகிரி மாவட்டத்தில், சிப்காட் தொழிற்பேட்டைகளால் வளர்ந்த ஓசூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மும்மொழிகளும் வழங்குகின்றன. வங்கித் தேர்வுகளையும் மத்தியப் பணியாளர் தேர்வுகளையும் எழுதும் இளைஞர்க்கு ஆங்கில வினையமைப்பு ஒரு முதன்மைப் பகுதி. பயிற்சி நூல்கள் இதனை மனப்பாடப் பட்டியலாகவே தருகின்றன. தாய்மொழி இலக்கணம் கொண்டு இதனுள் ஒரு பகுதியை விளக்கவியலும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கால அமைப்பு

'மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன்' என்புழித் தமிழ் நிகழ்காலத்தை ஆள்கிறது. ஆங்கிலம் 'ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்னும். 'ஆம் வொர்க்கிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்னும் பிழையில் இரு கூறுகள் உள. நிகழ்கால ஆட்சி மும்மொழிக்கும் பொது. 'சின்ஸ்' என்பதோ கன்னட 'வர்ஷதிந்த' என்னும் நீங்கற்பொருள் வடிவோடு ஒத்துள்ளது. தமிழ் 'ஆண்டுகளாக', தெலுங்கு 'ஏள்ளுகா' ஆகியன அவ்வாறல்ல. எனினும் தமிழ் மாணவரிடமும் இப்பிழை காணப்படுதலின், தாய்மொழித் தாக்கம் மட்டுமே காரணமன்று. தொடக்கப் புள்ளிக்குச் 'சின்ஸ்', கால அளவிற்கு 'ஃபார்' என வேறுபடுத்திக் கற்பித்தல் வேண்டும்.

எச்சமும் தொழிற்பெயரும்

தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதனைக் கூறும்; அவற்றுள் 'செய', 'செயற்கு' என்பனவும் அடங்கும். 'பேச விரும்பினான்' என்பதில் எச்சமும், 'பேசுவதை நிறுத்தினான்' என்பதில் தொழிற்பெயரும் வருகின்றன. ஆங்கிலத்திலும் முறையே 'வான்டட் டு டாக்', 'ஸ்டாப்ட் டாக்கிங்' என அமையும். 'ஸ்டாப்ட் டு டாக்' எனின் 'பேசுவதற்காக நின்றான்' என நோக்கப்பொருள் தரும். இவ்வொப்புமை எங்கும் செல்லாது: 'நீந்தி மகிழ்கிறேன்' என்பதில் தமிழ் 'செய்து' எச்சத்தை ஆள, ஆங்கில 'என்ஜாய்' தொழிற்பெயரையே வேண்டும்.

இருவகை 'டு'

'லுக் ஃபார்வர்ட் டு' என்பதன்பின் 'மீட்' எனல் பிழை. 'மீட்டிங்' என்பதே சரி. இங்கு 'டு' எச்சக் குறியன்று. நான்கன் உருபாகிய 'கு' போல்வது. உருபு பெயரையே சாரும் என்பதைத் தமிழ் மாணவர் முன்பே அறிவர். அவ்விடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை இட்டுப் பார்த்துப் பொருந்தின், வினையும் தொழிற்பெயராதல் வேண்டும்.

முடிவுரை

பிழையெனக் கருதப்படுவன பலவும் மற்றொரு மொழியின் ஒழுங்கான விதிகளே. ஒப்புமை உள்ளவிடத்து இலக்கணத்தாலும், இல்லாவிடத்துப் பயிற்சியாலும் கற்பித்தல் தகும். அவ்வாறாயின், தமிழ்வழிக் கல்வி இத்தேர்வுகட்குத் தடையன்று, துணையே என்பது பெறப்படும்.