சேவை செய்யிற மனசையும் கொஞ்சம் கவனிங்க

முருகா சரணம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், ரத்த தானம், வெள்ள நிவாரணம்... நம்மில் ஏதாவது ஒரு சேவையில் இறங்காதவர் குறைவு. எப்படிச் செய்யணும்னு நிறையப் பேசுறோம். செய்யிறவங்க மனசு என்ன ஆகுதுன்னு பேசுறதில்லை. இன்றைய பாடம் அதுதான். என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்ன நாட்கள். எங்க தெருவில் கரண்ட் சீக்கிரம் வந்துடுச்சு. நண்பர்கள் சேர்ந்து ஒரு கூகுள் ஷீட் போட்டோம். யாருக்குப் பால், யாருக்கு மருந்து, யாரைப் படகில் ஏத்தணும் என்று வர்ற அழைப்பையெல்லாம் பதிஞ்சு, களத்தில் இருக்கிற பசங்களுக்கு அனுப்புறது என் வேலை. சென்னை கொஞ்சம் மூச்சு விடுறதுக்குள்ள 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அதே ஷீட்டில் தூத்துக்குடி அழைப்புகள் வர ஆரம்பிச்சது.

மூணாவது வாரம் ஒரு அம்மா கூப்பிட்டாங்க. காலையிலேயே ஒரு தடவை பேசினவங்க. "தம்பி, பேரனுக்குப் பால் பவுடர் இன்னும் வரலப்பா"ன்னாங்க. "எத்தனை தடவைம்மா சொல்றது? வரும்போது வரும்"னு கத்திட்டு வச்சிட்டேன். ஷீட்டில் அந்த வரிக்கு எதிரே 'ரிப்பீட்'னு அடிச்சேன். தப்புன்னு கூடத் தோணல. முதல் வாரம் இதே மாதிரி ஒரு அழைப்புக்கு முழங்கால் தண்ணியில் பையைத் தலையில் வச்சுக்கிட்டு நடந்து போனவன் நான்.

ராத்திரி தூக்கமில்லை. போன் அடிக்காதப்பவும் அடிக்கிற மாதிரியே இருக்கும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டா, "அங்க ஜனங்க பட்டினி கிடக்குறாங்க, எனக்கென்ன சாப்பாடு"ன்னு எரிஞ்சு விழுவேன். குழுவில் மூத்த அண்ணன் ஒருத்தர் இதைக் கவனிச்சு, "ரெண்டு நாள் நீ போனைத் தொடாதடா"ன்னு சொல்லி வேலையை வேற ஆளுக்கு மாத்திட்டார். எனக்குக் கோபமான கோபம். நான் இல்லைன்னா எதுவும் நடக்காதுன்னு நினைச்சேன். ரெண்டு நாளும் எல்லாம் நடந்துச்சு. அந்தப் பால் பவுடரும் அன்னைக்குச் சாயங்காலமே போய்ச் சேர்ந்திருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தது வேறொரு தம்பி.

இதற்கு ஒரு பெயர் உண்டு

'பர்ன்அவுட்' என்பது ஐடி கம்பெனியில் பிறந்த வார்த்தைன்னு நினைச்சிருந்தேன். அப்புறம் படிச்சப்போதான் தெரிஞ்சது. நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், பகலில் தன் தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் சேவை செய்தவர். ஆர்வத்தோடு வந்தவர்கள் சில மாதங்களில் வற்றிப்போவதைப் பார்த்தார். தானும் அப்படி ஆனார். அதைத்தான் 1974-ல் இந்தப் பெயரில் எழுதினார். ஆக, இது சேவை செய்தவர்களைப் பார்த்தே எழுதப்பட்ட விஷயம்.

பின்னால் வந்த கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற ஆய்வாளர் மூன்று அடையாளங்கள் சொன்னார்:

1. மனம் வற்றிப்போதல். தூங்கி எழுந்தாலும் சோர்வு போகாது.
2. மனிதர்களிடமிருந்து விலகிப்போதல். எதிரில் இருப்பவர் ஒரு நம்பராக, ஒரு தொல்லையாகத் தெரிவார்.
3. 'நான் செஞ்சு என்ன ஆகப்போகுது' என்ற எண்ணம்.

என் 'ரிப்பீட்' இரண்டாவது அடையாளம். சோர்வு நமக்கே தெரிஞ்சிடும். இது தெரியாது, பக்கத்தில் இருக்கிறவங்கதான் சொல்லணும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்ட நாள் பணி அழுத்தத்தால் வரும் நிலை என்றது. அதனால சோர்ந்துபோனா பக்தி குறைஞ்சிடுச்சு, அன்பு குறைஞ்சிடுச்சுன்னு உங்களையே திட்டிக்காதீங்க. முதல்ல வேலையைப் பிரிச்ச விதத்தைப் பாருங்க. ஆபீஸில் ஒரு சர்வரைப் பார்த்துக்கவே ஒரு வாரம் ஒருத்தர், அடுத்த வாரம் இன்னொருத்தர்னு ஆன்-கால் மாத்துறோம். அழுகுரல் கேட்கிற வேலைக்கு மட்டும் ஒரே ஆளை மூணு வாரம் உட்கார வைக்கலாமா?

இப்போ நாங்க செய்யிறது

1. ஷிஃப்ட்: தொடங்கும் நேரம் மாதிரி முடியும் நேரமும் எழுதணும். அடுத்து யார்னு பெயரும் இருக்கணும். சொந்த நம்பரைக் கொடுக்காம, கைமாற்றக்கூடிய ஒரு பொது சிம் வச்சுக்கணும்.

2. ஜோடி: ரெண்டு பேர் சேர்ந்துதான் களத்துக்கு. "நீ இன்னைக்குச் சரியா இல்ல, வீட்டுக்குப் போ"ன்னு சொல்ற உரிமை ஜோடிக்கு உண்டு. சொன்னா வாதாடக் கூடாது.

3. எல்லை: உளவியல் முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட கையேடு மூன்றே வேலை சொல்கிறது: பார், கேள், இணை. நிலைமையைப் பார், சொல்வதைக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடு. ஒருத்தரோட வாழ்க்கைப் பிரச்சினை முழுக்க நாமே தீர்க்கணும்னு இல்லை.

4. பேச்சு: வேலை முடிஞ்சதும் டீக்கடையில் பத்து நிமிஷம். பேச விரும்புறவங்க பேசலாம். பேசாதவங்களைக் கிளறக் கூடாது.

5. படங்கள்: சடலம், அழுகை வீடியோக்களைக் குழுவில் போடுறதில்லை. களத்தில் பார்த்ததே போதும்.

இவ்வளவு செஞ்சும் ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்க. வாழவே வேண்டாம்னு தோணினா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க. அரசின் டெலி மனாஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

இந்த வாரப் பயிற்சி ஒன்று. அடுத்த பந்தலுக்கு வேலைப் பட்டியல் போடும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம் கூடுதலா போடுங்க: 'இவரை எப்போது, யார் விடுவிப்பது?' அந்தக் கட்டம் காலியா இருந்தா பட்டியல் இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

அந்த அம்மாவுக்கு மறுபடி போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா, நீ சாப்பிட்டியா?"ன்னுதான் கேட்டாங்க.

சேவையில் இருக்கிற நண்பருக்கு இதை அனுப்புங்க. அனுப்பும்போது அந்தக் கேள்வியையும் கேட்டுடுங்க.

வேலும் மயிலும் துணை.