பர்மிட் இல்லாத துப்பாக்கி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஹூஸ்டனுக்கு வெளியே, என் மகள் குடியிருக்கும் ஊரில், ஒரு மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவில்தான் அந்த அறிவிப்பை முதலில் பார்த்தேன். ஓர் அங்குல உயரத்தில் எழுத்துகள். ஆங்கிலத்தில் ஒரு பகுதி, ஸ்பானிஷில் ஒரு பகுதி. தள்ளுபடி அறிவிப்பு என்று நினைத்துப் படித்தால், டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06-ஆம் பிரிவு. உரிமம் பெற்றவரே ஆனாலும் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்றது. பக்கத்திலேயே 30.07: வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டும் வரக் கூடாது.

"2021-க்கு அப்புறம் உரிமமே இல்லாதவங்களுக்குன்னு இன்னொரு போர்டும் வந்திருக்கும்மா" என்றாள் மகள், தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டே.

"அப்போ துப்பாக்கியோட வந்தவர் அதை எங்கே வச்சுட்டு உள்ளே வருவார்?"

"கார்லதான்."

ஊருக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோர் பலர் என்னிடம் இதைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் பெரும்பாலான அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் கூடும்போது, துப்பாக்கி மசோதாக்களும் வரிசைகட்டி வந்துவிடும். அவற்றைப் பற்றி நம் வீடுகளில் புழங்கும் பேச்சில் பாதி சினிமாவிலிருந்து வருகிறது, மீதி வாட்ஸ்அப்பிலிருந்து. பிள்ளைகள் வாழும் ஊரின் சட்டத்தை நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நம்பிக்கை 1: அமெரிக்கா முழுவதும் துப்பாக்கிக்கு ஒரே சட்டம்தான்.

உண்மை: கடையில் வாங்குவதற்கான அடிப்படை விதிகளை மத்திய அரசு வகுத்திருக்கிறது. வாங்கியதை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்கலாமா என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களே முடிவு செய்கின்றன. வெர்மான்ட் மாநிலம் அதற்கு என்றைக்குமே பர்மிட் கேட்டதில்லை. அலாஸ்கா 2003-இலும் அரிசோனா 2010-இலும் பர்மிட் தேவையை நீக்கின. டெக்சாஸும் டென்னசியும் 2021-இல், ஃபுளோரிடா 2023-இல், தென் கரோலினாவும் லூசியானாவும் 2024-இல் சேர்ந்துகொண்டன. 2024 முடிவில் பர்மிட் கேட்காத மாநிலங்கள் 29.

ஆனால் எல்லை தாண்டினால் சட்டம் மாறிவிடும். பிலடெல்ஃபியாவில் முறையாகப் பர்மிட் வாங்கியவர் டெலவேர் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் நியூ ஜெர்சி. அந்த மாநிலம் வேறெந்த மாநிலத்தின் பர்மிட்டையும் ஏற்பதில்லை. பாலத்தின் இந்த முனையில் சட்டத்தை மதித்த குடிமகனாக இருந்தவர், அந்த முனையில் சிறைத் தண்டனைக்குரிய குற்றவாளி ஆகிவிடுகிறார்.

நம்பிக்கை 2: பர்மிட் வேண்டாம் என்றால் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்.

உண்மை: பர்மிட் போய்விட்டது, தடைகள் போகவில்லை. கடுங்குற்றங்களில் தண்டனை பெற்றவர்களும், குடும்ப வன்முறை வழக்கில் நீதிமன்றத் தடை உத்தரவுக்கு உட்பட்டவர்களும் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. உரிமம் பெற்ற கடைக்காரர், 1993-இல் வந்த பிரேடி சட்டத்தின்படி, வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்த்தே விற்க வேண்டும். ஓட்டை இருப்பது வேறிடத்தில்: கடைக்காரர் அல்லாத தனிநபர் இன்னொருவருக்கு விற்றால் அந்தச் சோதனையை மத்திய சட்டம் கட்டாயமாக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு மிக முக்கியமான விதி ஒன்று உண்டு. எச்-1பி, எஃப்-1, சுற்றுலா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். டெக்சாஸில் பர்மிட் தேவையில்லை என்ற செய்தி அவர்களுக்குப் பொருந்தாது. கிரீன் கார்டு வாங்கியவரின் நிலை வேறு.

பர்மிட் இல்லாமல் துப்பாக்கி சுமக்கும் அமெரிக்கருக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலத்தின் பர்மிட் பெற்றவருக்கு விலக்கு உண்டு. பர்மிட்டே வாங்காதவருக்கு அது கிடையாது. தெருவுக்குத் தெரு பள்ளி இருக்கும் ஊரில் இதன் பொருள் என்ன என்பதை, 'இனி பர்மிட் வேண்டாம்' என்று மேடையில் கொண்டாடும் தலைவர்கள் விளக்கிச் சொல்வதில்லை.

நம்பிக்கை 3: அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் இருப்பதால் எந்தக் கட்டுப்பாடும் நீதிமன்றத்தில் நிற்காது.

உண்மை: 1791-இல் வந்த அந்தத் திருத்தம், வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைத் தனிமனிதருக்குத் தருகிறது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல், ஹெல்லர் வழக்கில்தான் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாத நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா. இந்த உரிமை எல்லையற்றதல்ல என்பதையும் அதே தீர்ப்பில் அவர் எழுதினார். குற்றவாளிகளுக்கான தடையும், பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற இடங்களுக்கான தடையும் தொடரலாம் என்றார்.

2022 ஜூனில் புரூன் வழக்கு நிலைமையை மாற்றியது. தெருவில் துப்பாக்கி சுமக்க உனக்குத் தனிக் காரணம் என்ன என்று கேட்டுவந்த நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய விதியை நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ரத்து செய்தது. பர்மிட் முறையையே அது ஒழித்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கைரேகை, பின்னணிச் சோதனை, பயிற்சி ஆகியவற்றை மாநிலங்கள் கேட்கலாம் என்று நீதிபதி பிரெட் கவனா தனியே எழுதினார். சில நாட்களிலேயே நியூயார்க் புதுச் சட்டம் இயற்றியது: 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரச் சுடும் பயிற்சி. 2024-இல் ரஹீமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடை உத்தரவுக்கு உட்பட்டவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிப்பது செல்லும் என்று 8-1 என்ற கணக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம்பிக்கை 4: கௌபாய் காலத்திலிருந்தே அங்கே எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடுதான் திரிந்தார்கள்.

உண்மை: ஜெய்சங்கர் நடித்து கர்ணன் இயக்கிய கௌபாய் படங்களைக் கொட்டகையில் பார்த்து வளர்ந்தவள் நான். இந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது. வரலாறு வேறு மாதிரி பேசுகிறது. ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதைக் கென்டக்கியும் லூசியானாவும் 1813-லேயே தடை செய்தன. டெக்சாஸ் 1871-இல் கைத்துப்பாக்கி சுமப்பதற்கே தடை போட்டது. மறைத்துச் சுமக்க உரிமம் தரும் சட்டத்தில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராகக் கையெழுத்திட்டது 1995-இல்தான்.

சினிமாக்காரர்கள் திரும்பத் திரும்ப எடுத்த ஓ.கே. கோரல் சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1881 அக்டோபர் 26, அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊர். ஊருக்குள் ஆயுதம் சுமக்கக் கூடாது, வந்ததும் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அவ்வூரின் விதி. அதை மீறிய கௌபாய்களிடமிருந்து துப்பாக்கியை வாங்கப் போனார் ஊர்க் காவல் அதிகாரி வர்ஜில் எர்ப். சண்டை அங்கேதான் மூண்டது. துப்பாக்கிச் சுதந்திரத்தின் அடையாளமாக உலகம் நினைக்கும் அந்தக் காட்சி, ஒரு கட்டுப்பாட்டுச் சட்டத்தை அமல்படுத்தப் போன இடத்தில் நடந்தது.

நம்பிக்கை 5: நல்லவர்கள் கையில் துப்பாக்கி பெருகினால் குற்றம் குறையும்.

உண்மை: பொருளாதார அறிஞர் ஜான் லாட் 1998-இல் எழுதிய புத்தகம் இந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது. 2004-இல் தேசிய ஆராய்ச்சிக் குழு ஆய்வுகளை அலசிவிட்டு, அப்படிச் சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்றது. குற்றம் கூடும் என்று சொல்லவும் ஆதாரம் போதாது என்றது. அதன் பிறகு ஆதாரங்கள் சேர்ந்தன. சுமக்கும் உரிமையை எளிதாக்கிய மாநிலங்களில், பத்தாண்டுகளில் வன்முறைக் குற்றங்கள் அந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13 முதல் 15 விழுக்காடு கூடுதலாக இருந்தன என்று ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹூவும் கூட்டாளிகளும் 2019-இல் கணக்கிட்டார்கள்.

ஏன் கூடுகிறது? மளிகைக் கடை வாசலில் என் மகள் சொன்ன பதில் அதில் ஒரு பகுதி: "கார்லதான்." கடையும் அலுவலகமும் துப்பாக்கியை உள்ளே விடாதபோது, சுமந்து வந்தவர் காரில் வைத்துவிட்டுப் போகிறார். கார்க் கண்ணாடியை உடைப்பவன் கையில் அது சேர்கிறது. இத்தகைய சட்டங்களுக்குப் பிறகு நகரங்களில் துப்பாக்கித் திருட்டு கூடியதையும், போலீஸ் துப்புத் துலக்கும் விகிதம் குறைந்ததையும் டோனஹூவின் பிந்தைய ஆய்வு காட்டியது. நல்லவர் வாங்கிய துப்பாக்கி நல்லவரிடமே இருந்துவிடுவதில்லை. 2021-இல் டென்னசியில் பர்மிட்டை நீக்கும் மசோதாவை அம்மாநில ஷெரிஃப்கள் சங்கமும் புலனாய்வுத் துறையும் எதிர்த்ததை இங்கே நினைவில் வைக்க வேண்டும். தெருவில் நிற்பவர்கள் அவர்கள்தானே.

கையில் துப்பாக்கி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு உவால்டி சாட்சி. 2022 மே 24 அன்று அந்த டெக்சாஸ் ஊரின் பள்ளியில் ஒருவன் சுடத் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்த காவலர்கள் சுமார் 376 பேர். உள்ளே நுழைந்து கொலைகாரனை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்துபோனார்கள்.

நம்பிக்கை 6: துப்பாக்கிச் சாவு என்றால் பள்ளியிலோ கடைத்தெருவிலோ எவனோ ஒருவன் கண்மூடித்தனமாகச் சுடுவதுதான்.

உண்மை: 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் சுமார் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேலே. செய்தியில் வராத சாவுகள் இவை. மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பவை.

எனவே சட்டமன்றத்தில் பர்மிட் பற்றி மட்டும் அனல் பறக்க விவாதிப்பது போதாது. வாங்கியவர் கைக்குத் துப்பாக்கி போய்ச் சேரச் சில நாள் காத்திருக்க வைக்கும் விதி, வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லும் விதி, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக மாறிவிட்டவரிடமிருந்து நீதிபதியின் உத்தரவோடு தற்காலிகமாக எடுத்துவைக்கும் 'ரெட் ஃபிளாக்' சட்டம் ஆகியவை அந்த மூடிய கதவை எட்டுபவை. ரெட் ஃபிளாக் சட்டத்தை முதலில் இயற்றியது கனெக்டிகட், 1999-இல். 2018-இல் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட மூன்றே வாரத்தில் ஃபுளோரிடாவும் இயற்றியது. துப்பாக்கி வாங்கும் வயதையும் 21 ஆக்கியது. கையெழுத்திட்ட ரிக் ஸ்காட் குடியரசுக் கட்சி ஆளுநர். மனம் வைத்தால் அந்தக் கட்சியாலும் முடியும்.

நம்பிக்கை 7: பள்ளியில் ஒரு பயங்கரம் நடந்துவிட்டால் சட்டம் தானாக இறுகிவிடும்.

உண்மை: டென்னசியைப் பாருங்கள். 2023 மார்ச் 27, நாஷ்வில் நகரின் கவனன்ட் பள்ளி. ஒன்பது வயதுக் குழந்தைகள் மூவர், பெரியவர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் ஒருவர் ஆளுநர் பில் லீயின் மனைவிக்குத் தோழி. போலீஸ் தாமதிக்கவில்லை, அழைப்பு வந்த 14 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த 14 நிமிடத்துக்குள் ஆறு உயிர்கள். மனநலச் சிகிச்சையில் இருந்த அந்தக் கொலையாளி 7 துப்பாக்கிகளை 5 கடைகளில் சட்டப்படியே வாங்கியிருந்ததாகப் போலீஸ் சொன்னது.

ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியை எடுக்க வகைசெய்யும் ஒரு சட்டத்தை ஆளுநரே முன்மொழிந்தார். ஆகஸ்ட்டில் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். பிள்ளைகளை உயிரோடு திரும்பப் பெற்ற கவனன்ட் தாய்மார்கள் நாள்தோறும் வந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சட்டம் வரவில்லை. வெளியே மக்கள் போராடியபோது அவையில் குரல் எழுப்பிய ஜஸ்டின் ஜோன்ஸ், ஜஸ்டின் பியர்சன் என்ற இரு உறுப்பினர்கள் அந்த ஏப்ரலிலேயே பதவி நீக்கப்பட்டு, அவரவர் தொகுதியின் உள்ளாட்சி மன்றங்களால் திரும்ப அனுப்பப்பட்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. ஆசிரியர்கள் வகுப்பறைக்குக் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்து வரலாம் என்ற சட்டம். 40 மணி நேரப் பயிற்சி, மனநலச் சான்று, பள்ளித் தலைமையின் எழுத்துபூர்வ ஒப்புதல் என்று நிபந்தனைகள் உண்டு. யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது ரகசியம். பிரதிநிதிகள் அவையில் 68-28 என்று நிறைவேறியபோது, பார்வையாளர் மாடத்திலிருந்து எழுந்த கூக்குரலில் அவையே நின்றுபோனது.

மாநில மசோதா பற்றிய செய்தி இனி வரும்போது 'துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா' என்ற பழைய சண்டைக்குள் போகாதீர்கள். பர்மிட் என்பது வெறும் அட்டை இல்லை. உனக்குச் சுடத் தெரியுமா, எப்போது சுடக் கூடாது என்று தெரியுமா, உன்மீது வழக்கு உண்டா என்று ஒரு மனிதரை நிறுத்தி யாராவது கேட்கும் தருணம் அது. வந்திருக்கும் மசோதா அந்தக் கேள்வியைச் சேர்க்கிறதா, நீக்குகிறதா? அதை மட்டும் தேடிப் படியுங்கள். சட்டத்தின் நியாயம் அங்கே தெரிந்துவிடும்.

ஹூஸ்டன் மளிகைக் கடையின் கதவு, தக்காளி வாங்கப் போன எனக்குத் துப்பாக்கியைப் பற்றி ஓர் அங்குல எழுத்தில், இரண்டு மொழிகளில் சொன்னது. டென்னசியில் பிள்ளையைப் பள்ளிக் கதவு வரை கொண்டுவந்து விடும் தாய்க்கு, அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகும் ஆசிரியரிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று சொல்ல வேண்டாம் என்கிறது சட்டம்.