துரத்தினால் ஓடும், பொறுத்தால் வரும்

திருகோணமலைக்கு விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "திமிங்கிலம், சுறா எல்லாம் பார்க்கலாமா?" தாராளமாகப் பார்க்கலாம். எந்த மாதம், எத்தனை மணிக்கு, எவ்வளவு பொறுமையோடு போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாதம் பார்த்துப் போங்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும், தண்ணீரும் கலங்கிவிடும். திமிங்கிலத்துக்கு மார்ச், ஏப்ரல். முருகைக்கல் பார்க்க மே முதல் செப்டெம்பர் வரை.

புறாமலைத் தீவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம்தான். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. நேரம் ஏற ஏறக் கூட்டமும் ஏறும். கூட்டம் கலக்கும் மணலில் மீன் எங்கே தெரியும்? முகமூடி போட்டுக் குப்புற மிதந்து, கைகாலை ஆட்டாமல் கிடந்து பாருங்கள். கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கொறிக்கும் 'கறுக் கறுக்' சத்தம்கூடக் காதில் விழும். கறுப்பு முனைச் செட்டை கொண்ட சுறாக்குட்டிகள் ஆழமில்லாத இடத்திலேயே சுற்றும். பயப்பட வேண்டாம், நீங்கள் ஓரடி நகர்ந்தாலே அவைதான் விலகி ஓடும். ஆமை தென்பட்டால் பின்னால் நீந்தாதீர்கள், மேலே வந்து மூச்செடுக்கும் அதன் வழியை மறிக்காதீர்கள்.

முருகைக்கல்லில் கால் ஊன்றாதீர்கள். அது கல்லல்ல, உயிர். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் பல கரைகளில் முருகைக்கல் வெளிறிச் செத்தபோது, இந்தப் பக்கம் பெரிதும் தப்பியது. அப்படித் தப்பியது நம் காலடியில் நொறுங்கலாமா? வெயிலுக்குக் கிரீம் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குவது உங்களுக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது.

திமிங்கிலத்துக்கு நல்ல படகோட்டியைப் பிடியுங்கள். இங்கே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு துறைமுகத்துக்கு அருகிலிருந்தே இறங்குகிறது. அதனால்தான் நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிறது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையிலிருந்தே அது மூச்சுவிடும் நீர்த்தூவலைக் காணக் கிடைப்பதுண்டு. வாலைத் தூக்கிவிட்டால் ஆழத்துக்குப் போகிறது என்று அர்த்தம். மேலே வரப் பத்து நிமிஷம்கூட ஆகலாம். வால் அமிழ்ந்த இடத்தில் எண்ணெய் ஊற்றினாற்போல் அலையில்லாத ஒரு வட்டம் கொஞ்ச நேரம் கிடக்கும்.

ஒருமுறை நான் போன படகில் ஒருவர், "அண்ணை, கிட்டப் போங்கோ" என்று அவசரப்பட்டார். "பொறுங்கோ தம்பி, அது தன்ரபாட்டில வரும்" என்று எஞ்சினை நிப்பாட்டினார் ஓட்டி. வந்தது. அப்படி நிப்பாட்டுகிற ஆளா என்று ஏறுமுன் விசாரியுங்கள். நூறு மீட்டருக்குள் விரட்டிப் போகிறவரென்றால், கூலி குறைவென்றாலும் வேண்டாம்.

கடைசியாக, மான். பிரட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவிலேயே மேயும். பழக்கப்பட்டதென்று பிஸ்கட் நீட்டாதீர்கள். சாப்பாட்டு வாசனை பிடித்த பொலித்தீன் பையையும் அது சேர்த்து விழுங்கிவிடும். கொண்டுபோன பையைக் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். மானுக்கும் ஆமைக்கும் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுதான்.